ஒரு செத்தவீட்டுக்கு இரண்டு நோட்டீஸ்

குளிர் நாடொன்றின் குடிவரவுக் கந்தோரில் என் அண்ணையின் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பில் நான் செத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பட்டுத்தான் அறிந்தோம். இங்கே கொக்குவிலில் நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீரிழிவு, முழங்கால் நோ, தபால் கந்தோர் ஓய்வூதியம், ஒரு மனைவி என்று அதற்கான அத்தாட்சிகள் எல்லாம் என்னிடம் உண்டு.

நான் செத்தது இப்படி. அண்ணை ஏஜென்சிக்காரரைப் பிடித்து வெளிநாடு போய் மூன்று மாதம். நான் அப்போதுதான் தபால் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்திருந்தேன். முதற் சம்பளங்களைச் சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கி, அதன் பின் மட்கார்ட்டில் வெள்ளைப் பெயின்டால் என் பெயரை நானே எழுதியிருந்தேன். தூரத்தில் வரும் பெண்பிள்ளைகளும் வாசிக்கக்கூடிய அளவு எழுத்து. ஒரு நாள் காலை, பக்கத்து வளவில் இருந்த என் சிநேகிதன் வந்து, சந்திவரை போய்வர அதை இரவல் கேட்டான். கொடுத்துவிட்டு நான் கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றேன். சந்தியில் செல் விழுந்து வெடித்தது.

ஓடிப்போன சனம் முதலில் கண்டது மட்கார்ட்டைத்தான். மற்றதைப் பார்த்து ஆள் யாரென்று சொல்லக்கூடிய நிலை இருக்கவில்லை. அம்மா தெருவில் விழுந்து கத்திக்கொண்டிருக்க, நான் தலையில் நுரையோடு, நனைந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு என்ன நடந்தது என்று பார்க்க ஓடினேன். அம்மா என்னைக் கண்டார். எழும்பி வந்து என் கன்னத்தில் ஓங்கி ஒரு அடி போட்டார். அவருக்குப் பக்கத்தில் சிநேகிதனின் தாய் நின்றார். அதுவரை என் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் கத்தத் தொடங்கினார். எதையும் பகிடியாக்கிவிடுகிற எனக்கு அந்த இரண்டு பார்வைக்கு இடையில் இருந்த நேரத்தை மட்டும் இன்னும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் நுரையோடு வந்துசேர முன்னரே அந்த இடத்தை விட்டுக் கொழும்புக்கு வெளிக்கிட்ட ஊரவர் ஒருவர் இருந்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, “உன்ரை தம்பி செல்லடியிலை போயிட்டானடாப்பா” என்று சொல்லிவிட்டார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் கையாலேயே அண்ணைக்குக் கடிதம் எழுதினேன். தபால் கந்தோர்க்காரன் எழுதிய கடிதம், அந்த நாளைய கப்பலையும் சோதனையையும் கடந்து போய்ச்சேர ஐந்து மாதம் எடுத்தது.

அந்த ஐந்து மாதத்துக்குள் அண்ணைக்கு அகதி விசாரணை வந்துவிட்டது. சகோதரர் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். “ஒரு தம்பி. செல் விழுந்து செத்துப்போனான்” என்று சொல்லி, மேசையில் தலையை வைத்து அழுதிருக்கிறார். அதிகாரி எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். என் சாவின் பொருட்டு ஓர் அரசாங்கம் செய்த ஒரே செலவு அந்த ஒரு கிளாஸ் தண்ணீர். அகதி அந்தஸ்தும் கிடைத்தது. பிறகு என் கடிதம் போனது. அண்ணை அதைக் கையில் வைத்துக்கொண்டு, திருத்தச் சொல்லலாமா என்று அறையில் கூட இருந்தவர்களைக் கேட்டிருக்கிறார். “ஒண்டைத் திருத்தப் போனியெண்டால் எல்லாத்தையும் கிண்டுவாங்கள். பேசாமல் இரு” என்றார்களாம். பேசாமல் இருந்தார்.

அதன் பிறகு என் சாவு பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற படிவம் ஒவ்வொன்றிலும் சகோதரருக்கு ஒரு கட்டம் இருக்கும். அண்ணை ஒவ்வொரு முறையும் அதில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதினார். நிரந்தர வதிவிடம் கிடைத்தது. கலியாணம் செய்தார், பிள்ளைகள் இரண்டு. அவருக்குக் கொடுத்த பயணப் புத்தகத்தில் எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அச்சடித்திருந்தது. ஊருக்கு வரவேண்டுமென்றால் அந்த நாட்டுப் பிரசாவுரிமை எடுக்கவேண்டும். அதற்குக் கோப்பை அடியிலிருந்து நுனிவரை வாசிப்பார்கள் என்று பயந்து, அண்ணை இருபது வருடத்துக்கு மேலாக விண்ணப்பிக்கவில்லை.

அம்மா விழுந்து இடுப்பு முறிந்த பிறகுதான் விண்ணப்பித்தார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களை அவர் படமெடுத்து எனக்கு அனுப்புவார். மொத்தம் ஆறு கடிதம். ஆறிலும் ஒரே வசனம்: தங்களுடைய விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. நானும் அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். ஆறு கடிதத்திலும் ஒரு கமாகூட மாறாமல் எழுதுகிற ஒழுக்கம் எங்களுக்கு வராது.

அம்மா கட்டிலில் கிடந்தபடி தினமும் கேட்பார். “கொண்ணனுக்குக் காயிதம் வந்திட்டுதோ?”

“வந்தது அம்மா. பரிசீலிக்கினமாம்.”

“என்னத்தையடா அவ்வளவு நாளாய்ப் பரிசீலிக்கினம்?”

“அண்ணை நல்ல வடிவெல்லே. பாத்துக்கொண்டு இருக்கினம்போலை.”

அம்மா சிரிப்பார். நாலாம் வருடம், பரிசீலனை முடிய முன்னர் அவர் முடிந்துபோனார். விடிந்து தேத்தண்ணீரோடு போய் எழுப்பினேன். எழும்பவில்லை.

அண்ணை தொலைபேசியில் முதலில் அழுதார். நானும் அழுதேன். பிறகு, “தம்பி, நோட்டீஸ் அடிக்கக் குடுத்திட்டியோ?” என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து மரண அறிவித்தல் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். செத்தவர் பெயரோடு அது முடியாது. அன்னார் யாரின் மகள், யாரின் மனைவி, யார் யாரின் தாயார், மாமியார், மைத்துனி என்று ஒரு கிராமசபைக் கூட்டமே அதில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் வாழும் நாடு. செத்த பிள்ளைகளையும் விடமாட்டோம், பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டுச் சேர்த்துக்கொள்வோம். காலையில் சாவு நடந்தால் மத்தியானத்துக்குள் லைட் போஸ்ட்டில் ஒட்டுகிறோமோ இல்லையோ, இணையத்தில் ஏறிவிடும். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற சனம் காலையில் கண் விழித்ததும் பார்ப்பது அதைத்தான்.

“குடுக்கப் போறன் அண்ணை. ஏன்?”

“உன்ரை பேர்...” என்றார்.

“என்ரை பேரை விட்டிடவோ?”

“விட்டாலும் பிழையடா. கோப்பிலை ரெண்டு பிள்ளையள். நோட்டீசிலை ஒண்டெண்டால் மற்றது எங்கை எண்டு கேப்பாங்கள். இஞ்சை ஒருத்தனை நோட்டீசை வைச்சுத்தான் பிடிச்சவங்கள். எங்கடை ஆக்களே மொழிபெயர்ப்புக்கு நிக்கிறாங்கள், அவங்களுக்கு எங்கடை முறை தெரியும்.” மூச்செடுத்தார். “பேரைப் போடு. முன்னாலை அதைப் போடு.”

“எதை?”

“என்ரை வாயாலை சொல்லவேண்டாம். அம்மா செத்துக் கிடக்கிறா.”

கூடத்தில் அம்மாவின் தலைமாட்டில் குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வைத்ததும் வந்தாள்.

“இஞ்சாருங்கோ. என்ரை கழுத்திலை கிடக்கிறதைக் கழட்டி உங்கடை அண்ணைக்குப் பார்சல் பண்ணி விடட்டோ?”

“பேப்பரிலைதானேயப்பா.”

“தாய்க்குக் கொள்ளி வைக்கிறது கடைசிப் பிள்ளை. நீங்கள்தான் வைக்கவேணும். செத்தவன் வந்து கொள்ளி வைக்கிறானெண்டு ஊர்ச்சனம் வாயாலை சிரிக்காது.”

அவள் சொன்னது சரி. அண்ணை சொன்னதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருக்கும்போதுதான் என்னுடைய மூளை வேலை செய்யத் தொடங்கும். அது வேலை செய்த ஒவ்வொரு முறையும் குடும்பத்துக்கு ஒரு கேடு வந்திருக்கிறது. நான் இரண்டு நோட்டீஸ் அடிப்பதென்று முடிவெடுத்தேன். ஊருக்குள் ஒட்டுவதில் நான் உயிரோடு. இணையத்துக்குப் போவதில் காலஞ்சென்ற.

அச்சகக்காரர் எனக்குப் பழக்கமானவர். இரண்டு பிரதியையும் மேசையில் வைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“ஐயா, இதிலை காலஞ்சென்ற எண்டு இருக்கிற ஆள் ஆர்?”

“நான்தான்.”

“அப்ப இதிலை?”

“அதுவும் நான்தான்.”

“தாயை இழந்த கவலையிலை இருக்கிறியள். வீட்டிலை ஆரும் பொறுப்பான ஆக்களை அனுப்பிவிடுங்கோவன்.”

வெளிநாட்டு விசயம் என்று இரண்டே சொல்லில் விளங்கப்படுத்தினேன். யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டு சொல்லுக்குமேல் யாரும் கேட்பதில்லை. எது எங்கே போகவேண்டும் என்று பிரதிகளின் மேலே சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு பிழையும் விடவில்லை. ஒட்டவேண்டியதை ஒட்டினார், ஏற்றவேண்டியதை ஏற்றினார்.

இணையத்தில் ஏறி ஒரு மணித்தியாலத்தில் என் செத்தவீடும் சேர்ந்து தொடங்கியது. மனைவியின் தங்கை வேறொரு நாட்டிலிருந்து தொலைபேசி எடுத்து, “அக்கா, அத்தானுமோ? எப்பயடி?” என்று கத்தினாள். மனைவி தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். “இந்தாங்கோ, நீங்களே சொல்லுங்கோ.” நான் “ஹலோ” என்றதும் மற்றப் பக்கத்தில் தொலைபேசி விழுந்த சத்தம் கேட்டது. கூடத்தில் அம்மா கிடக்க, நான் அடக்க முடியாமல் சிரித்தேன். பறை அடிக்க வந்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் அண்ணையின் முகம் தொலைபேசித் திரையில் வந்தது. உறவினர் ஒருவர் அதைக் கையில் பிடித்து அம்மாவின் முகத்துக்கு நேரே காட்டினார். சுண்ணம் இடிக்கும்போதும் வாய்க்கரிசி போடும்போதும் அண்ணை அதற்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொள்ளிக்குடத்தோடு சுடலைக்கு நடந்தபோதும் திரையில் இருந்தார். நான் கொள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் அவருடைய குரல் மட்டும் கேட்டது, “கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ... கொஞ்சம் கிட்ட...”

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. எங்கள் ஊருக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஊரில் இருக்கிற ஒருவர், வெளியூரில் இருப்பவர்கள் அறியட்டும் என்ற நல்ல மனத்தோடு, லைட் போஸ்ட்டில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படமெடுத்து அதில் போட்டுவிட்டார். அதில் நான் உயிரோடு இருந்தேன், தொடர்புக்கு என்று கீழே என் தொலைபேசி இலக்கத்தோடு. முப்பது வருடத்துக்கு முன்னர் மட்கார்ட், இப்போது லைட் போஸ்ட். என் பெயரைப் பெரிதாக எழுதிய இடமெல்லாம் யாரோ ஒருவர் வாசித்துவிடுகிறார்.

நான் அதைக் கண்டு, கெஞ்சி, எடுப்பிக்கும்போது மூன்று நாள் போய்விட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு மாதத்தில் அண்ணைக்கு ஏழாவது கடிதம் வந்தது. இந்த முறை வசனம் வேறு. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருவரும் தொலைபேசியில் ஒத்திகை பார்த்தோம். லைட் போஸ்ட்டில் ஒட்டியது அச்சகப் பிழை என்று சொல்லுங்கள், செத்தவனின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் விடுபட்டுப்போனது என்று சொல்லுங்கள் என்று நான் படிப்பித்தேன். அண்ணை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அவர்தான் எனக்குப் பாடம் கேட்பவர்.

விசாரணை முடிந்து வெளியே வந்து வீதியில் நின்றபடியே எனக்குத் தொலைபேசி எடுத்தார். வாகனங்கள் இரைகிற சத்தம் கேட்டது.

“ரெண்டு நோட்டீசையும் மேசையிலை பக்கத்திலை பக்கத்திலை வைச்சிருந்தவ அந்த அதிகாரி. மொழிபெயர்க்கிறவர் எங்கடை ஆள். வாசிச்சார். அம்மாவின்ரை பேரைச் சொல்லேக்கை அவரின்ரை குரலும் ஒரு மாதிரிப் போச்சு.”

“நீங்கள் அச்சகப் பிழை எண்டு சொன்னியளோ?”

“எது உண்மையெண்டு கேட்டவ. நான் வாய் திறந்தன். முதல் முறை சொல்லேக்கை நீ செத்தனியெண்டு நினைச்சுச் சொன்னனான். பிறகு முப்பது வருசம் எழுதினது பேனையாலைதான். வாயாலை சொல்லேல்லை. நீ கொள்ளிக்குடத்தோடை போனதைப் பாத்தனான் தம்பி. எனக்குச் சொல்ல வரேல்லை. உயிரோடை இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டன்.”

“அவ என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்லை. எழுதினவ. கனநேரம் எழுதினவ.”

இந்த முறை தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிரசாவுரிமை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பொய்த் தகவலின் பேரில் பெற்றதா என்று வதிவிட உரிமையையும் அடியிலிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று எட்டாவது கடிதம் வந்தது. அண்ணைக்கு அறுபது கடந்துவிட்டது. அவருடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் அங்கேதான் பிறப்பும் இருப்பும். அவர் பிடித்த வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். முதல் விசாரணையில் சொன்னது பொய்யல்ல, பிழையான செய்தி என்று காட்டவேண்டும். அதற்கு இரண்டு பத்திரம் தேவை. ஒன்று, நான் உயிரோடு இருப்பதற்கு. மற்றது, அன்றைக்கு அந்தச் சந்தியில் செத்தவன் யார் என்பதற்கு.

முதலாவது லேசு. ஓய்வூதியக்காரர் நாங்கள் வருடத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டும். கிராம அலுவலரிடம் போய் முன்னால் நின்று மூச்சுவிட்டுக் காட்டினால் ஒப்பமிட்டுத் தருவார். எங்கள் கிராம அலுவலர் ஒரு பெண்பிள்ளை. நாங்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வோம்.

“வருசத்துக்கு ஒண்டுதானே ஐயா? இப்ப ஏன் இன்னொண்டு?”

“ஒருக்கால் சொன்னால் நம்புற உலகமே பிள்ளை?”

அவள் சிரிக்கவில்லை. இணையத்தில் வந்த நோட்டீசை அவளும் பார்த்திருக்கிறாள். “உங்களை நேரிலை கண்டுதான் நான் சைன் வைக்கிறன், என்ன? ஆரும் கேட்டால் நான் பதில் சொல்லவேணும்” என்று சொல்லி என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். நான் நேராக நின்றேன். அண்ணைக்கு உதவி என்று அனுப்புகிற கடதாசிதான், ஆனாலும் அதில் இருந்ததை வாசித்தபோது, அண்ணை முப்பது வருடம் எழுதிய எல்லாப் படிவத்துக்கும் எதிராக அதுவே சாட்சி சொல்வதுபோல இருந்தது.

இரண்டாவது பத்திரத்துக்குச் சிநேகிதனின் தாயிடம் போகவேண்டும். அந்தக் காலத்துப் பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் அழிந்துபோனது என்று பதிவாளர் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது அவரிடம் இருக்கிற மரண அத்தாட்சிப் பத்திரம் ஒன்றுதான். பக்கத்து வளவுக்குப் போக எனக்கு நாலு நாள் எடுத்தது. படலைவரை போய்த் திரும்பி வந்தேன், முழங்கால் நோ என்று மனைவிக்குச் சொன்னேன்.

அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. முற்றத்தில் கதிரையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை அவருடைய பிள்ளையின் சாவை என் பெயரில் எழுதிவைத்திருந்ததையும் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியும். கொம்மா அந்த நாளிலையே சொன்னவ.” இலையை உருவுவதை அவர் நிறுத்தவில்லை. “நான் கோவிக்கேல்லை. இஞ்சை சாவுப் பதிவுத் துண்டு ஒண்டைத் தவிர ஒருத்தரும் அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லை. ஆர் செத்தது, எப்பிடிச் செத்தது எண்டு ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. அங்கையெண்டாலும் எழுதிக் கிடக்கட்டும் எண்டு நினைச்சன். உன்ரை பேரிலையெண்டாலும்.”

“இப்ப அவன்ரை பேரிலை எழுதுவினம் அம்மா.”

அவர் எழும்பி உள்ளே போனார். நிறைய நேரம் எடுத்தது. பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த கடதாசியோடு வந்தார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்டிருந்தது.

“கொப்பி ஒண்டு எடுத்து அனுப்பலாமே?”

“அசல்தான் வேணுமாம். பாத்திட்டுத் திருப்பி அனுப்புவினமாம்.”

அவர் அதை என் கையில் வைத்தார். விரலை எடுக்கவில்லை.

“அவன் உன்ரை சைக்கிளைத் திருப்பித் தரேல்லை” என்றார். “நீ இதைத் திருப்பித் தந்திடு.”

இரண்டையும் ஒரே உறையில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் வேலை செய்த அதே கந்தோர், நான் இருந்த அதே ஜன்னல். முகவரியை மூன்று தரம் சரிபார்த்தேன். போய்ச்சேர்ந்ததற்குக் கையொப்பம் வந்தது. அதன் பிறகு அண்ணைக்கு ஒன்பதாவது கடிதம் வந்தது. பழைய வசனத்துக்கே திரும்பிவிட்டார்கள். தங்களுடைய விடயம் பரிசீலனையில் உள்ளது.

அம்மாவின் முதல் வருட ஆட்டைத் திவசம் போன மாதம் முடிந்தது. அண்ணை தொலைபேசித் திரையில்தான் இருந்தார். அவரைத் திருப்பி அனுப்பினால் தங்குவதற்கு என்று மனைவி மேற்குப் பக்கத்து அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறாள். அதை அவரிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் காலையில் பால் வாங்கப் போகும்போது பக்கத்து வளவுப் படலையில் சிநேகிதனின் தாய் நிற்பார். வேலியைப் பிடித்துக்கொண்டு, “அது வந்திட்டுதோ?” என்று கேட்பார். முதல் மாதங்களில் ஏதாவது பகிடி சொல்லிச் சமாளித்தேன். இப்போது சொல்வதில்லை.

“இன்னும் இல்லை அம்மா. பாத்துக்கொண்டு இருக்கினம்” என்கிறேன்.